பழைய தீயணைப்பு நிலையம்: பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, இடம் மாற்றுவதா?

கொங்குப் பக்கத்து ஊர்களில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது. ஊர் நடுவில், பேருந்து நிலையத்துக்கோ தாலுகா அலுவலகத்துக்கோ பக்கத்தில், ஒரு பழைய தீயணைப்பு நிலையம் இருக்கும். மழை வந்தால் ஒழுகும். "இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுங்க" என்று ஒரு தரப்பு. "பைபாஸ் பக்கம் கொண்டு போயிடலாமுங்க" என்று இன்னொரு தரப்பு. ஊர் வரலாற்றில் அக்கறை உள்ள நாலு பேர் மட்டும், "ஒரு செங்கல்லைக்கூடத் தொடக் கூடாது" என்பார்கள். மூன்று தரப்பும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு, அப்புறம் எது சரி என்று தங்களுக்குள்ளேயே குழம்பிக்கொண்டிருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடத்தின் வயதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. வண்டி வெளியே வரும் வாசலையும், அந்த வாசல் போய்ச் சேரும் சாலையையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சுவர் விரிசலைக் காட்டி இடிக்கச் சொல்பவரும் சரி, சுவர் அழகைக் காட்டிக் காக்கச் சொல்பவரும் சரி, இதைக் கவனிப்பதில்லை.

## இந்தக் கட்டடங்கள் எப்படி வந்தன

சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் தொடங்கியது. கொங்கு நாட்டில் இதன் தேவையைப் பெருக்கியது பஞ்சு. 1888-இல் கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய நூற்பாலை, 1932-இல் வந்த பைக்காரா மின்சாரம், அதன்பின் வரிசையாக வந்த ஆலைகள், திருப்பூர், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்தில் பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் பேக்டரிகள் எல்லாமாகச் சேர்ந்து ஊருக்குள்ளேயே பஞ்சுக் கிடங்குகளை நிறைத்தன. பஞ்சுப் பொதியில் பிடித்த தீ மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பொதியைப் பிரித்துப் பிரித்து நனைத்தால்தான் அடங்கும். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்த ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலில் வெடிமருந்தோடு ஏற்றியிருந்ததும் பஞ்சுப் பொதிகள்தான். அன்றைக்கு இறந்துபோன தீயணைப்பு வீரர்களின் நினைவாகவே ஏப்ரல் 14 தீயணைப்பு நாளாக இருக்கிறது.

ஒரு ஊருக்கு நிலையம் அனுமதியானால் கட்டடத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. வாடகைக்கு ஒரு கிடங்கையோ ஓட்டுக் கட்டடத்தையோ பிடித்து வண்டியை நிறுத்திவிடுவார்கள். இப்படித் தொடங்கி, வாடகைக் கட்டடத்திலேயே பல ஆண்டுகள் ஓடிய நிலையங்கள் தமிழ்நாட்டில் நிறைய. அப்புறம் வந்தவை தட்டையான கூரை போட்ட கான்கிரீட் கட்டடங்கள். 1981-இல் தமிழ்நாடு காவலர் வீட்டுவசதிக் கழகம் வந்தபின், அது காவல் நிலையங்களோடு தீயணைப்பு நிலையங்களையும் குடியிருப்புகளையும் கட்டத் தொடங்கியது. எந்த ஊருக்குப் போனாலும் புது நிலையங்கள் அண்ணன் தம்பி மாதிரி ஒரே முகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, "பழைய நிலையம்" என்று ஊரார் சொல்வது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: வேறு வேலைக்குக் கட்டி, பின்னால் நிலையமான சுண்ணாம்புக் கட்டடம், நிலையமாகவே கட்டிய பழைய கட்டடம், அல்லது எழுபது, எண்பதுகளின் கான்கிரீட் கட்டடம். இந்த மூன்றாவதுதான் பல இடங்களில் முதலில் படுத்துவிடுகிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, கூரைக் காரையைத் தள்ளிவிடும். நூறு வயதுச் சுண்ணாம்புச் சுவர் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கும்.

நிலையமாகவே கட்டியது என்பதற்கு நல்ல அடையாளம், ஹோஸ் காயவைக்கும் கோபுரம். அந்தக் காலத்துத் துணிக் குழாய்களை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மக்கிப்போகும். 15 மீட்டர் ஹோஸை நடுவில் மடித்துத் தொங்கவிட 25 அடி உயரம் வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கோபுரம். பார்ப்பவர்கள் மணிக்கூண்டு என்று நினைத்துக்கொள்வார்கள். ரப்பர் பூச்சுள்ள ஹோஸ்கள் வந்தபின் அதற்கு வேலை குறைந்துவிட்டது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நேரம். ஊருக்குள் ஐந்திலிருந்து ஏழு நிமிடம், கிராமப்புறத்தில் இருபது நிமிடம் என்பது துறையில் நாடு முழுக்கப் பேசப்படும் கணக்கு. ஐந்து நிமிடத்தில், மணி அடித்து ஆட்கள் ஏறி வண்டி நகர ஒரு நிமிடம் போனால் மிச்சம் நாலு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நாலு நிமிடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் போகலாம். கடைவீதி நெரிசலில் வேகம் 15 ஆகிவிட்டால் ஒரே கிலோமீட்டர்தான். புறவழிச்சாலையில் 50-இல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தாண்டிவிடலாம். "ஊர் நடுவில் இருந்தால்தான் சீக்கிரம் வரும்" என்ற வாதம் எப்போதும் உண்மையில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதைச் சாதாரண நாளில் அளந்தால் போதாது. பொள்ளாச்சியில் வியாழக்கிழமைச் சந்தை அன்றைக்கும், அவிநாசியில் தேரோட்டத்தின் போதும் அளந்து பாருங்கள். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிற இடங்களில் கேட் மூடியிருக்கும்போதும் அளக்க வேண்டும். திருப்பூரை ரயில் பாதையும் நொய்யலும் சேர்ந்து அறுத்திருக்கின்றன. அந்த மாதிரி ஊரில் நிலையம் எந்தக் கரையில் இருக்கிறது என்பதே பாதி முடிவு.

இன்னொன்று, அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் 101-க்கு வரும் அழைப்பெல்லாம் தீ அழைப்பு இல்லை. கிணற்றில் விழுந்த மாடு, தோட்டத்துச் சாளை வீட்டுக்குள் புகுந்த பாம்பு, காற்றில் சாய்ந்த புளியமரம் என்று மீட்பு அழைப்புகள் தோட்டம் காடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தால், ஊருக்குள் எத்தனை, வெளியே எத்தனை என்று தெரிந்துவிடும்.

வாசல். நிலையத்துக்குப் போனால் வண்டி நிற்கும் கூடத்தின் வாசல் தூண்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தால், அது பக்கக் கண்ணாடி உரசிய இடம். சில இடங்களில் மூலைக்கு இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். அந்தப் பட்டையிலும் சிவப்பு பெயிண்ட் ஒட்டியிருக்கும். இன்றைய வண்டியின் அகலமே சுமார் எட்டடி. 4,500 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டும் நாலரை டன். பழைய வாசலுக்கும் பழைய தரைக்கும் இந்தக் கணக்கு தெரியாது.

உயரத்திலும் ஒரு சூது இருக்கிறது. சாலைக்குத் தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிடும். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று நிலையத்தின் தரையையும் உயர்த்துவார்கள். ஒவ்வொரு முறை தரை உயரும்போதும் வாசல் அந்த அளவுக்குக் குட்டையாகிறது. கடைசியில் வண்டி வெளியே வெயிலில் நிற்கும்; கூடத்துக்குள் பைக் நிற்கும். அப்படி ஒரு காட்சியைப் பார்த்தால், அந்தக் கட்டடம் நிலையமாக வேலை செய்வதை நிறுத்தி நாளாகிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீர். நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளும் பம்பை முழு வேகத்தில் ஓட்டினால் 4,500 லிட்டர் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். பனியன் வேஸ்ட் குடோன், தேங்காய் மட்டை, நார்த்தூள் குவியல், மஞ்சள் கிடங்கு என்று நம் ஊர்த் தீயெல்லாம் விடிய விடியத் தண்ணீர் கேட்கும். வளாகத்துக்குள் பெரிய தொட்டியோ, ஓரளவு நம்பத்தக்க போர் தண்ணீரோ இருக்கிறதா, பக்கத்தில் வேறு எங்கே நிரப்பலாம் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

உறுதி. நிலநடுக்கத்துக்கான இந்தியக் கட்டட விதியான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பு தீயணைப்பு நிலையத்தை மருத்துவமனையோடு ஒரே வரிசையில் வைத்து, சாதாரண வீட்டைவிட ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. ஊர் விழுந்தாலும் நிலையம் நிற்க வேண்டும் என்பதுதான் காரணம். கோயம்புத்தூருக்கு நிலநடுக்கமா என்று சிரிக்க வேண்டாம். 1900 பிப்ரவரியில் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் ஆறு ரிக்டர் அளவை ஒட்டிய ஒன்று வந்திருக்கிறது.

மற்றவை சுருக்கமாக: பணியாளர் குடியிருப்பு நிலையத்தை ஒட்டி இருக்கிறதா? மனை யார் பெயரில் இருக்கிறது, துறையா, நகராட்சியா, வருவாய்த் துறையா? கடைசியாக, அந்தக் கட்டடத்தில் காக்கும்படியாக உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?

## ஒரே பார்வையில்

| | பழுது பார்த்தல் | அதே இடத்தில் புதிது | புறவழிச்சாலைக்கு |
|---|---|---|---|
| கடைவீதிக்குப் போகும் நேரம் | இப்போது போலவே | இப்போது போலவே | கூடலாம் |
| கிராமங்களுக்குப் போகும் நேரம் | இப்போது போலவே | இப்போது போலவே | ஒரு பக்கம் குறையும், மறுபக்கம் கூடும் |
| பெரிய வண்டிக்கு இடம் | பெரும்பாலும் போதாது | மனையைப் பொறுத்தது | தாராளம் |
| வேலை நடக்கும்போது தொந்தரவு | நடுத்தரம் | மிக அதிகம் | கிட்டத்தட்ட இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | திரும்பத் திரும்ப வரும் | தற்காலிக இடம் | சாலை, தண்ணீர், குடியிருப்பு |
| பழைய கட்டடம் | நிலைக்கும் | போய்விடும் | யார் கையில் போகிறதோ அதைப் பொறுத்தது |

## முதல் வழி: பழுது பார்த்துத் தொடர்வது

செலவு குறைவு என்று நினைத்துத்தான் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள். சுண்ணாம்புக் கட்டடமாக இருந்தால் அங்கேதான் முதல் சிக்கல். வழக்கமான ஒப்பந்தக்காரர் வந்து சிமெண்ட் பூசிவிட்டுப் போவார். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, கொஞ்ச நாளில் பூச்சு தகடு தகடாக விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தால், கூலியும் கூட, நாளும் கூட. கான்கிரீட் கட்டடத்தில் கதை வேறு: துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்யாமல் மேலே பூசினால் அதுவும் அதே வேகத்தில் திரும்ப விழும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்ட கூரையென்றால், உடைக்காமல் கழற்ற வேண்டும்; அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

எப்போது இது சரி? வாசல் இன்றைய வண்டிக்குப் போதுமானதாக இருந்து, எதிர்ச் சாலையும் விரைவாக நகர்ந்து, குடியிருப்பும் அங்கேயே இருந்தால். நெரிசல் இன்னும் கழுத்தை நெரிக்காத சின்னத் தாலுகா ஊர்களில் இது நன்றாகவே பொருந்தும். அங்கே தேவையில்லாமல் இடித்தால் இருப்பதும் போய்விடும்.

## இரண்டாம் வழி: இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவது

அரசியல்வாதிகளுக்குப் பிடித்தது, கல்வெட்டு வைக்கலாம். இதில் யாரும் கணக்கில் எழுதாத செலவு ஒன்று உண்டு. கட்டும் காலம் முழுக்க நிலையம் எங்கே இருக்கும்? ஒழுங்குமுறை விற்பனைக்கூட வளாகத்திலோ நகராட்சி இடத்திலோ ஒரு தகரக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். ஆட்கள் ஓய்வெடுக்க அறை, தொலைபேசி இணைப்பு, தண்ணீர் நிரப்பும் வசதி எல்லாவற்றையும் அங்கே திரும்ப உண்டாக்க வேண்டும். ஒப்பந்த வேலை எங்கேயாவது சொன்ன தேதிக்கு முடிந்திருக்கிறதா? இரண்டு பருவமழையாவது அந்தக் கொட்டகையில் போகும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுவது நல்லது. இடிப்பதற்கு முன்னால், கட்டடம் பயன்படாது என்று பொதுப்பணித் துறையின் சான்றும் வேண்டும்.

மனை குறுகலாக இருந்தால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம். புதுக் கட்டடம் பழைய வாசலிலேயே, பழைய நெரிசலிலேயே நிற்கும். முன்னால் வண்டி வளைந்து வெளியேற இடம், பின்னால் பயிற்சி முற்றம், ஓரத்தில் குடியிருப்பு, இத்தனைக்கும் இடம் இருந்து, கட்டடம் மட்டும் உயிர்விட்டிருந்தால் தாராளமாக இடிக்கலாம். காரை கொட்டும் எண்பதுகளின் கான்கிரீட் பெட்டிகளில் பலவும் இந்த வகைதான். அவற்றுக்காகக் கண்ணீர் விட எனக்கு மனம் வரவில்லை.

## மூன்றாம் வழி: புறவழிச்சாலைக்குப் போவது

காங்கேயம் பக்கத்து எண்ணெய் ஆலைகள், தேங்காய் உலர்களங்கள், பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்து நார் ஆலைகள், பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தறிக்கூடங்கள், மில்கள் எல்லாம் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. தீ எங்கே பிடிக்குமோ அங்கே நிலையம் இருக்கட்டும் என்பது நியாயமான பேச்சு. பெரிய தண்ணீர் லாரியும் மீட்பு வண்டியும் சிரமமில்லாமல் நிற்கும்.

ஆனால் கிடைக்கும் மனை எப்படிப்பட்டது என்று பாருங்கள். "அரசு புறம்போக்கு இருக்கிறது" என்று காட்டுவது பல நேரங்களில் ஓடைக் கரையாகவோ குட்டையாகவோ இருக்கும். நீர்நிலையில் கட்டினால் வழக்கு வரும். வழக்கு வராவிட்டால் வெள்ளம் வரும். நடுவில் தடுப்புச் சுவர் உள்ள நாலுவழிச் சாலையாக இருந்தால், ஊர்ப் பக்கம் திரும்ப வண்டி எவ்வளவு தூரம் போய் 'யூ டர்ன்' எடுக்க வேண்டும் என்பதையும் அளக்க வேண்டும். நிலையத்துக்கு நேர் எதிரே திறப்பு கிடைக்காவிட்டால், வரைபடத்தில் மிச்சமான நிமிடமெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். குடியிருப்பும் கூடவே வராவிட்டால், பிள்ளைகள் பள்ளிக்காகக் குடும்பங்கள் ஊருக்குள் தங்கிவிடும். அவசரத்துக்குக் கூடுதல் ஆளைக் கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்காது.

கடைவீதிக்காரர்கள் இதை எதிர்ப்பதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஜவுளிக் கடைகளும் பட்டாசுக் கடைகளும் ஒட்டி ஒட்டி இருக்கிற தெருவில், முதல் சில நிமிடங்களில் வரும் ஒரு சின்ன வண்டி, பின்னால் வரும் மூன்று பெரிய வண்டிகளைவிடப் பயன்படும்.

பழைய கட்டடம் என்னவாகும் என்பது இந்த வழியின் பெரிய கேள்வி. அருங்காட்சியகம், நூலகம் என்று பேச ஆசையாகத்தான் இருக்கிறது. மனை நகராட்சியுடையது என்றால், துறை காலி செய்த பிறகு அங்கே வணிக வளாகம் வரும் வாய்ப்புதான் அதிகம். மறுபயன்பாடு நிலைத்த இடங்களைப் பார்த்தால், அந்தத் துறையே கட்டடத்தைக் கையில் வைத்திருந்ததைக் காணலாம். எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் 2021-இல் காவல் அருங்காட்சியகமானது. கோவையில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடமும் காவல்துறை அருங்காட்சியகமாகத்தான் பிழைத்தது. யார் கூட்டிப் பெருக்குவார்கள், யார் மின்கட்டணம் கட்டுவார்கள் என்பது முடிவாகாமல் 'நினைவுச் சின்னம்' என்று எழுதிக் கொடுத்தால், அது பூட்டிய கட்டடமாகத்தான் முடியும்.

## நான்காவதாக ஒன்று

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு வழி இருக்கிறது. நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். மனைக்கு ஆழம் இருந்தால், முன்பக்கக் கட்டடத்தையும் கோபுரத்தையும் அலுவலகமாகவும் ஓய்வறையாகவும் வைத்துக்கொண்டு, பக்கத்திலோ பின்னாலோ புதிய வண்டிக் கூடத்தைக் கட்டலாம். நாலரை டன் தண்ணீர் ஏறிய வண்டியின் பாரம் பழைய தரையைவிட்டு இறங்கிவிடும். கட்டும் காலத்திலும் நிலையம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. பழைய பகுதியில் ஆட்கள் தூங்கப் போகிறார்கள் என்பதால், அதன் உறுதியைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். கோபுரத்தை இன்னும் கவனமாக.

மனைக்கு ஆழம் இல்லாத நெரிசல் ஊரில் இதன் இன்னொரு வடிவம்: பெரிய வண்டிகளோடு முதன்மை நிலையம் வெளியே போகட்டும், ஒரு சின்ன வண்டியும் ஒரு குழுவும் பழைய கட்டடத்திலேயே இருக்கட்டும். சின்ன வண்டிக்குப் பழைய வாசல் போதும். செலவு ஆட்களில்தான் வரும். இரண்டு இடத்துக்கும் முறைப்பணி போட ஆட்கள் வேண்டும். கூடுதல் பணியிடம் இல்லாமல் வண்டியை மட்டும் பிரித்தால் இரண்டு பக்கமும் அரைகுறைதான்.

## மனு எழுதுவதற்கு முன்னால்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டால், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: மனை எந்தத் துறையின் பெயரில் உள்ளது; கட்டடம் கட்டிய ஆண்டு, வாடகைக்கு எடுத்திருந்தால் எந்த ஆண்டிலிருந்து; கடைசியாகச் செய்த பழுது வேலை என்ன, எவ்வளவு செலவு; பொதுப்பணித் துறை ஆய்வு செய்திருந்தால் அதன் நகல்; சென்ற மூன்று ஆண்டுகளின் அழைப்புகள், ஊர்வாரியாக. முதல் கேள்விக்கான பதிலே பல மனுக்களின் போக்கை மாற்றிவிடும்.

இடிப்பது என்று முடிவாகிவிட்டால், வேலை தொடங்கும் முன் நிலைய அலுவலரிடம் அனுமதி வாங்கி அளவு எடுத்துக்கொள்ளுங்கள்: வாசலின் அகலமும் உயரமும், கோபுரத்தின் உயரம், உள்ளே ஹோஸ் தொங்கவிட்ட கொக்கிகளின் வரிசை, தரையின் அடுக்குகள். முகப்பை மட்டும் படம் எடுத்துவிட்டு வந்துவிடாமல் வண்டிக் கூடத்தின் உட்பக்கத்தையும் எடுங்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநர் யாராவது ஊரில் இருந்தால் கையோடு கூட்டிப்போங்கள். எந்த வண்டி எந்தக் கூடத்தில் நின்றது, எந்தச் சுவர் பின்னால் வந்தது என்பது பதிவேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.